அவர் பெயரில் இருந்த துப்பாக்கி

ஐப்பசி 3, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். மலை கண்ணுக்குத் தெரியவில்லை. கடலை பிடுங்க ஆள் வரவில்லை.

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். "ஆத்தா, லைசென்ஸ்காரக தவறிட்டாக. இனிமே துப்பாக்கிய வீட்டுல வச்சிருக்கப்படாது. ஒங்க பேருக்கு மாத்தணும்னா மனுப் போடுங்க. இல்லாட்டி ஸ்டேசன்ல ஒப்படச்சிருங்க." அதட்டிச் சொல்லவில்லை. மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

இவர், என் வீட்டுக்காரர், போனது ஆடியில். காய்ச்சல். அதற்குள் ஸ்டேஷனிலிருந்துகூடக் கணக்குத் தீர்க்க வந்துவிட்டார்கள்.

உள்ளங்கையில் அடங்குகிற சாமான். மேலும் கீழுமாக இரண்டு குட்டைக் குழல், குழலுக்கு ஒரு தோட்டா. ஏலத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குப் போகும்போது இவரிடம் விற்றது. நாலு எட்டு தள்ளிப் போனால் குறி நிற்காது. பன்றி விரட்டக்கூட ஆகாது என்று கோம்பை ஊருக்குள் கேலி பேசுவார்கள். இருந்தாலும் எனக்கு அது வேண்டும்.

மனு எழுத உட்கார்ந்தேன். 'பயிர்க் காவலுக்காக' என்று எழுதி அடித்தேன். 'தனியாக இருப்பதால்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். கடைசியில் முதலில் எழுதியதையே எழுதினேன்.

ஐப்பசி 5, ஞாயிறு

மழை இல்லை. மூட்டம்.

உட்கார முடியவில்லை. வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். பூசைச் சாமான் போல மின்னுகின்றன. சீமையில் சண்டை தொடங்கியதிலிருந்து மதுரைக் கடையில் தோட்டா கிடையாது. சுட்ட கூட்டையே திரும்ப நிரப்ப வேண்டும். அடியில் புதுக் கேப் (தட்டினால் பொறி விடும் மூடி), உள்ளே வெடிமருந்து, வாயில் ஈயக்குண்டு. இவர் நிரப்பினால் மேசையெல்லாம் மருந்து சிந்தும். கல்யாணமான மறுவருஷமே அந்த வேலை எனக்கு வந்துவிட்டது.

இருப்பு: ஈயம் நிறைய (பழைய மீன்வலைக் குண்டு). மருந்து அரை டப்பா. கேப் கொஞ்சம்தான்.

ஈயம் உருகும்போது, தள்ளி உட்காருங்கள் என்று இவரிடம் சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

மத்தியானம் கொழுந்தனார் செல்லையா வந்தார். இவருக்கு ஒரே தம்பி. அடுப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மதினி இது? ஒலை வைக்கிற அடுப்புல ஈயத்த வச்சிருக்கீக?"

"உருக்குறேன்."

"எதுக்கு? பேசாம ஒப்படச்சிருங்க. அண்ணன் வச்சிருந்தாக, அது ஒரு அழகு. வெறிநாயச் சுட்ட கை. நீங்க வச்சு என்ன செய்யப் போறீக?"

இலை போட்டேன். கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

வெறிநாயைச் சுட்டது நான்.

எழுதிப் பார்த்தாயிற்று. இத்தனை வருஷத்தில் இப்போதுதான். லைசென்ஸ் இவர் பெயரில். நான் சுட்டது தெரிந்தால் இரண்டு பேருக்கும் வம்பு. அதனால் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களிடம், நான்தான் சுட்டேன் என்று இவரே சொல்லிவிட்டார். அன்று முதல் ஊருக்குத் 'துப்பாக்கிக்காரர்'. கூப்பிடும்போதெல்லாம் இவருக்குக் கூச்சம், எனக்குச் சிரிப்பு.

ஐப்பசி 9, வியாழன்

சாரல்.

ஓடைப் பக்கம் போய்ச் சுட்டுப் பார்த்தேன். செய்யக்கூடாதுதான். கல்மேல் சிரட்டை. துப்பாக்கியின் குதிரையை ஏற்றி விசையை அழுத்தினால் 'டிக்'. அவ்வளவுதான். குழலை வேறு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன், சில சமயம் பிந்தி வெடிக்கும். வெடிக்கவில்லை. இரண்டாவது குழலில் இருந்த தோட்டா வெடித்தது. சிரட்டையைக் காணோம்.

மருந்து நமத்திருக்கிறது. டப்பாவை இறுக மூடி, துணி சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தேன். இந்தக் காற்றில் எதை நம்புவது?

அங்கேயிருந்து வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். திரும்ப ஓடைக்கு நடந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. பாதியில் திரும்பினேன். முத்தம்மா தொழுவத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் தோட்டத்தில் வேலை, பக்கத்துக் குடிசை. அவள் மகளைத்தான் அன்று நாய் பிடிக்கப் பார்த்தது.

"யக்கா, என்னத்தத் தேடுறீக?"

"ஒண்ணுமில்ல."

ஐப்பசி 14, செவ்வாய்

இன்று மனு விசாரணை.

உத்தமபாளையத்திலிருந்து ஆபீசர் வந்தார். கண்ணாடி போட்ட வயசாளி, கால்சட்டையெல்லாம் சேறு. ஏட்டும் கூட வந்தார். கொழுந்தனாரும் வந்தார், நான் சொல்லி அனுப்பவில்லை. நாற்காலி பற்றாமல் உரலைக் கவிழ்த்துப் போட்டேன்.

"அம்மா, உங்களுக்குச் சுடத் தெரியுமா?"

நான் வாய் திறப்பதற்குள் கொழுந்தனார், "அவுகளுக்கு என்னங்கய்யா தெரியும்! எங்க அண்ணன் சுட்டாக. இந்தக் களத்துலதேன் வெறிநாய ஒரே குண்டுல சாச்சாக. ஊரே சொல்லும்."

தொழுவத்துப் பக்கமிருந்து முத்தம்மா. "ஊருக்கு என்ன தெரியும்? நான் கண்ணால பாத்தேன். சுட்டது அய்யா இல்ல. இந்த அக்காதேன்."

கொழுந்தனார் மெள்ள எழுந்து நின்றார்.

"அப்படியா அம்மா?" என்று ஆபீசர் என்னைப் பார்த்தார்.

இல்லை என்றால் துப்பாக்கி போகும், முத்தம்மா பொய்க்காரி. ஆமாம் என்றால் குற்றம் என்மேல், போன மனுஷர் பொய்க்காரர். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரல் வலித்தது.

"ஆமாங்கய்யா. நான்தான் சுட்டேன்."

சுட்டுக் காட்டச் சொன்னார். அரிசிப் பானையில் இருந்த மருந்தில் நிரப்பியது இரண்டு தோட்டா. பட்டுப்போன முருங்கை மரத்தில் ஏட்டு சுண்ணாம்பால் பொட்டு வைத்தார். முதல் குண்டு பொட்டின் ஓரத்தில். இரண்டாவது நடுவில். காக்கையெல்லாம் எழும்பிக் கத்தின.

ஆபீசர் கண்ணாடியைத் துடைத்தார். "அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் கூட இருந்தாரா?"

"இருந்தாக."

"அப்படியானால் அவர் முன்னிலையில் சுட்டது" என்று சொல்லி, சொன்னபடியே எழுதிக்கொண்டார். லைசென்ஸ்காரர் பக்கத்தில் இருந்தால் குற்றமில்லையாம். கும்பிட்டேன்.

சிபாரிசு செய்கிறாராம். ஆனால் நெருங்கிய ஆண் உறவு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு இருப்பது கொழுந்தனார் மட்டும். அவர் அதற்குள் போய்விட்டார். அதுவரை துப்பாக்கி ஸ்டேஷனில். ஏட்டு அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டபோது, கை ஈரமில்லாமல் பிடியுங்கள் என்றேன்.

ஐப்பசி 18, சனி

நல்ல மழை. ஓடையில் தண்ணீர்.

கையெழுத்துக்காகச் செல்லையாவுக்கு முந்தாநாள் ஆள் அனுப்பினேன். வரவில்லை. நேற்றும் அனுப்பினேன். 'ஊரில் இல்லை' என்று பதில். வாசலில் அவர் வண்டிமாடு கட்டியிருப்பதை ஆள் பார்த்திருக்கிறான்.

உப்பு வாங்கப் போனேன். கடையில் முதுகு காட்டிக்கொண்டு இரண்டு பேர்:

"பொஞ்சாதி சுட்டாளாம். துப்பாக்கிக்காரரு வைக்கப்போருக்குள்ள பதுங்கிக் கெடந்தாராம்."

"பெறகு எதுக்குய்யா அம்புட்டு மீச?"

உப்பு வாங்காமல் வந்துவிட்டேன். முத்தம்மா அழுகிறாள். "நல்லதுக்குத்தேன சொன்னேன், யக்கா." அவளைத் திட்டினேன். பிறகு சோறு போட்டேன்.

மேசை இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். உள்ளே எண்ணெய்த் துணி மட்டும்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். இல்லை. சொன்னது சரி. சாப்பிடவில்லை.

ஐப்பசி 22, புதன்

காலையில் பால் கறந்துகொண்டிருக்கும்போது கொழுந்தனார் வந்து நின்றார். சவரம் செய்யவில்லை. செம்பை இறக்கி வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் மதினி. மறைக்கப்படாது. நீங்க சுட்டப்ப எங்க அண்ணன் எங்கன நின்னாக? வைக்கப்போருலயா?"

"நாய்க்கு முன்னால நின்னாக" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. களத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். "முத்தம்மா மக இங்கன ஒக்காந்து கடலை பெறக்கிக்கிட்டிருந்துச்சு. நாய் அந்த வேலியோரமா வந்துச்சு. நான் அப்பத்தேன் துப்பாக்கியத் தொடச்சு தோட்டா போட்டு வச்சிருந்தேன். வாங்கிச் சுட அவுகளுக்கு நேரமில்ல. துண்ட ஒதறிக்கிட்டு ஓடிப்போயி பிள்ளைக்கும் நாய்க்கும் நடுவுல நின்னுக்கிட்டாக. சுடு, சுடுன்னு சத்தம் போட்டாக. முத்தம்மா நின்ன எடத்துலேர்ந்து வைக்கப்போரு மறச்சிருக்கும், அவுகளத் தெரிஞ்சிருக்காது."

"நாய் எம்புட்டுத் தூரத்துல?"

"அவுக முழங்காலுகிட்ட."

"குண்டு அண்ணன் மேல பட்டிருந்தா?"

"அதைத்தேன் நானும் அவுககிட்டக் கேட்டேன். 'ஒன் கைய எனக்குத் தெரியாதா'ன்னு சொல்லிட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாக."

கொழுந்தனார் அந்த இடத்திலேயே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நான் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"காயிதத்தக் கொண்டாங்க மதினி."

கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தானே உத்தமபாளையம் போய்க் கொடுத்துவிட்டு வருகிறாராம். இட்லி எடுத்து வைக்கிறேன் என்றேன், நிற்கவில்லை.

வேலியைத் தாண்டிப் போனவர் திரும்பி, "கடைத்தெருவுல நானே சொல்லிக்கிறேன்" என்றார்.