நிழல் பள்ளத்தில் ஒரு மின்கலம்

நிலாத் தென்முனை நிலையம். பதிவு: கோமதி, பொருளறிவியல்.

காலை 9:10
வண்டியின் மின்கலம் நன்றாகக் கடத்துகிறது. ஆதாரம்: இன்று நான் எடுத்த உயர் அதிர்வெண் அளவீடு. குறை அதிர்வெண் வரை இறங்கி அளக்க அரை நாள் பிடிக்கும். இங்கே யாரும் அவ்வளவு கீழே அளப்பதில்லை. இருதயராஜ் பனிக்கட்டி மாதிரிகள் எடுக்க, வெயிலே படாத நிழல் பள்ளத்துக்குப் புறப்பட்டார். நிலையத்தில் நாங்கள் இருவர்தான். வண்டியும் ஒன்றுதான்.

பகல் 12:25
பள்ளத்தில் வண்டி நின்றுவிட்டது. துணைக்கோள் மேலே வரும் சில நிமிடங்கள் மட்டும் இருதயராஜுடன் பேச முடிகிறது.
"அக்கா, மீட்டர் ஜம்முன்னு காட்டுது. வண்டி நகர மாட்டேங்குது. நான் யார நம்ப?"

12:50
இரண்டும் உண்மை. மின்கலத்துக்குள் இருப்பது கண்ணாடி. அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும் திடப்பொருள். மின்னோட்டம் வேகமாகத் திசை மாறும்போது அயனி பக்கத்துக் குழிக்குக் குதித்துத் திரும்புகிறது. மீட்டருக்கு அதுவே போதும். மோட்டாருக்குப் போதாது, அயனி மறுகரை சேர வேண்டும். வழியில் உள்ள பெரிய தடைகளைத் தாண்ட இந்தக் குளிரில் அதற்குத் தெம்பில்லை.

14:20
இருதயராஜிடம் சொன்னேன்: "நெரிசல் பஸ்ல நிக்கிறவன் மாதிரிப்பா. முன்ன ஒரு அடி, பின்ன ஒரு அடி. வாசலுக்கு வரமாட்டான்."
"கண்டக்டர் யாருக்கா, நீங்களா?"
ஒரு வழி இருக்கிறது. அந்தக் குதிப்பே சூடு தரும். மீட்டர் உள்ள அதே சோதனைக் கருவியிலிருந்து, வேகமாகத் திசை மாறும் மின்னோட்டத்தை மின்கலத்துக்குள் விட்டால் கண்ணாடி சூடேறும், அயனிகள் கடக்கும். கருவிக்கு மின்சாரம் அவர் உடையிலிருந்துதான் எடுக்க வேண்டும். உடையின் ஹீட்டரும் ரேடியோவும் அணையும். வண்டி எழுந்தால் வண்டி ரேடியோவில் பேசுவார்.
"ஹீட்டர் இல்லாம உடையில சூடு எம்புட்டு நேரம் நிக்கும்?"
"ரெண்டு மணி நேரம்."
"சரி. வயர மாட்டுதேன். டீ போட்டு வைங்க."

16:15
குரல் வரவில்லை. வண்டி ரேடியோவின் வெறும் அலை மூன்று விநாடி வந்து அறுந்தது. ஆக, அயனிகள் ஒருமுறை கடந்திருக்கின்றன.
திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். துணைக்கோள் இறங்கிவிட்டது.

16:40
உடையின் சூடு முடிந்திருக்கும்.
உதிரி மின்கலத்தைக் குளிர்பெட்டியில் வைத்துக் குறை அதிர்வெண் அளவீட்டைத் தொடங்கியிருக்கிறேன். வேறு வேலை இல்லை. டீ ஆறிவிட்டது.
நிலுவை: அளவீட்டின் முடிவு, நாளை அதிகாலை.
நிலுவை: இருதயராஜ். அடுத்த துணைக்கோள் 18:10.