ஆடிட் ஆபீசரின் கிட்டார்

அப்பாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்டால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

நேற்று காளிகாட்டில் கச்சேரி. பாதியில் கரண்ட் போய்விட்டது. மைக் இல்லாமலே வாசித்தேன், ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

இன்று உங்கள் சிநேகிதர் வெங்கடநாராயணன் மாமா டாக்குரியாவில் இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். "எந்த பிராஞ்ச்சுல ஆடிட்டு?" என்றார். நான் ஊர் ஊராகச் சுற்றுவது பாங்க் ஆடிட்டுக்காக என்று ஐந்து வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்! அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாமி கிட்டார் பையைப் பார்த்துவிட்டு, "வாசிப்பியாப்பா?" என்றாள். உங்கள் மானத்தைக் காப்பாற்ற, "சிநேகிதனோடது மாமி. எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன். அந்த வார்த்தையை என் வாயில் வரவைத்ததற்கு உங்களை மன்னிக்க மாட்டேன்.

அடுத்த வாரம் முழுக்க டார்ஜிலிங். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், நான் வருவதைத் தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள். ஓட்டல் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. என் பச்சை ஸ்வெட்டரும் அம்மாவின் பருப்புப் பொடியும் வேண்டும். வெளிச் சோறு இறங்கவில்லை.

பார்சல்மேல் உங்கள் கையால், "கிரீஷ், கிட்டார் கலைஞர்" என்று எழுதுங்கள். வேறு எப்படி எழுதினாலும், குளிரில் விறைத்தாலும் சரி, பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

வண்டிக்கு நேரமாகிவிட்டது.

கிரீஷ்