பேட்டரி வயரை முதலில் கழற்றியவன்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஷெட்டுக்குத் தகரக் கூரை போட்டவனை மத்தியானம் இதற்கு அடியில் நிற்க வைக்க வேண்டும். ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. மலைக்குப் போகும் ரோட்டில் இப்போதே தடுப்புக் கம்பி இறக்குகிறார்கள்.

வேலை: ஆட்டோ கிளட்ச் கேபிள், முடிந்தது. கே.ஜி.கண்டிகை டீக்கடைக்காரர் வேனுக்கு பிரேக், பாதி. டிராக்டர், தொடவில்லை.

பதினோரு மணிக்கு ரஹீம் பாய். அரக்கோணத்தில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். அவர் வந்த வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். என் தம்பி தணிகாவின் வெள்ளை எஸ்.யூ.வி. போன வருஷம் இவருக்குத்தான் விற்றான். பின் கண்ணாடியில் எங்களைப் பெற்ற நைனா ஒட்டிய வேல் ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. பாய் ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"இன்னா பாய், இன்னா பிரச்சன?"

"நல்லா போய்க்கினே இருக்குதுப்பா. திடீர்னு இழுவ இல்ல. எவ்ளோ மிதிச்சாலும் சத்தம் ஏற மாட்டேங்குது. ஆளு நடக்கற வேகம்தான். ஓரம் கட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா, ஒண்ணுமே நடக்காத மாரி ஓடுது."

கடைசி வரியை விட்டால், போன வருஷம் தணிகா சொன்னது அத்தனையும் இதேதான். அன்றைக்கு நான் நம்பவில்லை.

பாய்க்கு அவசரம், கடையில் ஆள் இல்லை. இன்ஜினைக்கூட நிறுத்தவில்லை. "இப்டியே மிஷின மாட்டி பாத்து சொல்லு" என்றார். ஸ்கேனரை மாட்டினேன். திரையில் கோளாறு நம்பர், அதாவது கோடு, வந்தது. ஆக்ஸிலேட்டர் பெடல் சென்சார்.

வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. என் மனைவி சரசு கேட்டாள், வேலை இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேகம். மழை வருகிற மாதிரி பாவனை, அவ்வளவுதான்.

வேறு வண்டி எதையும் எடுக்கவில்லை. டிராக்டர்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். கத்தட்டும்.

பெடல் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். துரு இல்லை, ஈரம் இல்லை. ஐந்து வோல்ட் சரியாக வருகிறது. எர்த் சரி. வயரைப் பிடித்து இழுத்து ஆட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை. ஆக வயர் இல்லை, பெடல்தான்.

பெடலுக்குள் இரண்டு சென்சார். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று இரண்டும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் கம்ப்யூட்டர் இரண்டையும் நம்பாது, இன்ஜினை ஐடிலிலேயே, சும்மா நிற்கும்போது ஓடுகிற வேகத்திலேயே, பிடித்து வைத்துவிடும். அப்புறம் ஏறி நின்று மிதித்தாலும் போகாது.

ஸ்கேனர் திரையைப் பார்த்துக்கொண்டே பெடலைக் கையால் மெதுவாக அழுத்தினேன். ஒன்றாவது அழகாக ஏறுகிறது. இரண்டாவது, கால்வாசி மிதித்த இடத்தில் பொத்தென்று பூஜ்யம். அதைத் தாண்டினால் மறுபடி சரி. பத்து முறை அழுத்தினேன், ஏழு முறை விழுந்தது. மூன்று முறை நல்ல பிள்ளை.

கால் அதிகம் நிற்கிற இடம்தான் தேயும். கால்வாசி மிதி என்றால் அறுபது கிலோமீட்டர் வேகம். நைனா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அறுபதைத் தாண்ட விடமாட்டார். "ஏண்டா, யாராவது தொரத்தறாங்களா?" என்பார். நாலு வருஷம் தணிகாவின் கால் அதே இடத்தில் நின்றது.

போன வருஷம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நைனாவுக்கு நெஞ்சு வலி. தணிகாதான் அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். பாதி வழியில் வண்டி இழுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. வழியில் ஒரு முறை எனக்கு போன் செய்தான். ஷெட்டில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் வண்டியைப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. மலை ரோட்டில் ஓட்டினேன், குதிரை மாதிரி ஏறியது.

காரியத்தன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன்: "வண்டியில ஒரு கொறையும் இல்ல. ஓட்னவன்தான் சரியில்ல." அவன் குடியை விட்டு அப்போது இரண்டு வருஷம். குடித்திருந்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் புரிந்தது. புரியட்டும் என்றுதான் சொன்னேன். இதை இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன்.

அவன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. வண்டியை விற்றான். ஆர்.கே.பேட்டைக்குப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 6, புதன்

விடியற்காலையில் எழுந்தபோதே தெரிந்துவிட்டது. அன்று ஏன் கோடு இல்லை, இப்போது ஏன் இருக்கிறது.

எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் செய்வது பேட்டரி வயரைக் கழற்றுவது. தொழில் பழகிய காலத்தில் ஒரு தடவை பொறி பறந்து கை வெந்தது, அதிலிருந்து பழக்கம். பானெட்டைத் திறந்தால் கை தானாக அங்கே போகும். அன்றும் கழற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து மாட்டினேன். அதற்குப் பிறகுதான் ஸ்கேனர். இந்தத் திங்கள் பாய் இன்ஜினையே நிறுத்தவில்லை, அதனால் கழற்றவில்லை.

இந்த மாடலில் பேட்டரி போனால் கோடு அழிந்துவிடும். தெரியாததா எனக்கு? நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

தம்பி பக்கம் இருந்த ஒரே சாட்சியை நானே அழித்துவிட்டு, சாட்சி இல்லை என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறேன். முட்டாள். இருபத்திரண்டு வருஷ மெக்கானிக்.

சரசுவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"போய் சொல்லுங்க."

"இன்னான்னு சொல்றது?"

"என்கிட்ட சொன்னத அப்டியே அவர்கிட்ட சொல்லுங்க."

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பாய்க்குப் புது பெடல் மாட்டிக் கொடுத்தால் கதை முடிந்தது. இதையும் யோசித்தேன். கொஞ்ச நேரம் இல்லை, சாயங்காலம் வரைக்கும்.

புது பெடல் சென்னையிலிருந்து நாளை.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. பார்சல் பத்து மணிக்கு வந்தது.

மூன்று நட்டு, ஒரு பிளக். பத்து நிமிஷ வேலை. சாவியை ஆன் செய்து, பெடலைத் தொடாமல் இரண்டு நிமிஷம் விட்டேன், புதுசைக் கம்ப்யூட்டர் பழகிக்கொள்ள. பழைய கோடு நம்பரை அழித்தேன். அதற்கு முன் திரையை போனில் படம் எடுத்து வைத்தேன்.

மெதுவாக அழுத்திப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. பத்துக்குப் பத்து.

மலை ரோட்டில் கூட்டம். அரக்கோணம் ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்து, அப்படியே பாய் கடைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அறுபதிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட்டைப் பார்க்கவில்லை. எந்த இடத்தில் இழுவை போயிருக்கும் என்று தெரியாது, அதனால் எல்லா இடமும் அந்த இடமாகவே இருந்தது.

பாய் டீ வாங்கிக் கொடுத்தார். பெடல்தான் கோளாறு, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றேன்.

"ஆங், விக்கும்போதே உன் தம்பி சொன்னாரு. பாய், ஒரு தரம் இழுவ போச்சு, எங்க அண்ணன் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாரு, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. அத நம்பித்தான் வாங்கனேன்."

டீயை முடிக்காமல் எழுந்தேன்.

பழைய பெடலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதுக்கு என்றார். வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போகவில்லை. வேனுக்கு பிரேக் முடித்தேன். டிராக்டரும் முடித்தேன். சரசு ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 9, சனி

டவுன் பஸ்ஸில் ஆர்.கே.பேட்டை. பெடல் ஒரு மஞ்சள் பையில். சரசு கொடுத்த முறுக்கு இன்னொரு பையில்.

விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்கிறான். நாலு தறி சத்தத்தில் கூப்பிட்டது கேட்கவில்லை. தோளைத் தொட்டேன். இளைத்திருக்கிறான். காதோரம் நரை.

"இன்னாணா, யாருக்காவது உடம்பு சரியில்லியா?"

முதல் கேள்வியே அது. இல்லை என்றேன். அவன் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தான், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். வண்டி இப்போதெல்லாம் ஓட்டுவது இல்லையாம். வாடகை வண்டி ஓட்டக் கூப்பிட்டாலும் போவதில்லையாம்.

பெடலை எடுத்து மடியில் வைத்தேன். போனில் படத்தைக் காட்டினேன். பேட்டரி வயர் விஷயம் எல்லாம் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. மன்னிச்சுக்கடா என்றேன்.

அவன் பெடலைக் கையால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ வண்டிதான். நான் இல்ல."

"நீ இல்லடா."

தலையை மட்டும் ஆட்டினான். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. மெக்கானிக் புத்தி.

"ஒரே ஒரு தரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தா ஓடியிருக்கும்டா. நேரத்துக்குப் போயிருக்கலாம்."

பெடலிலிருந்து கையை எடுத்தான்.

"பண்ணத்தான் போனேன்ணா. சாவி மேல கை வச்சிகினுதான் உனக்கு போன் பண்ணேன். நீதான் சொன்ன, ஆஃப் பண்ணிடாத, மறுபடி ஸ்டார்ட் ஆவலன்னா நடு ரோட்ல மாட்டிப்ப, அப்டியே ஓட்டிகினு போன்னு."

"இத ஏண்டா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா உன்ன சொல்லுவாங்க."

முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார். பெடலை என் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். தறி ஓட ஆரம்பித்தது.

பஸ்ஸில் ஞாபகம் வந்துவிட்டது. முழுசாக, வார்த்தை வார்த்தையாக. கம்ப்ரசரைக்கூட நிறுத்தாமல்தான் சொன்னேன்.