சிடாம் கிரிப் பெட்டியில் இருவர்

தம்பி,

இன்று மதியம் கடைப் போனில் ஒரு குரல். உன் பெயரைச் சொல்லி, சிடாம் கிரி தோட்டத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது. ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் பாதி என் காலில் கொட்டியது. செத்த பிறகும் என்னை வேலை வாங்குகிறாயே என்று நினைத்தேன். பேசியவர் அங்கே புதிதாகக் குடிவந்த லோரிக்காரர், அவருக்கும் உன் பெயர்தான். தே தாரிக், பால் தூக்கலாக வேண்டுமாம்.

நீ கல்லாவுக்கு வருமுன் இந்தக் கடையின் ஞாபகமே என் தலைதான். தோட்டத்து ஆட்கள் போன் போட்டு, "மணியம் பேசறேன், எப்பவும் போல" என்று வைத்துவிடுவார்கள். யாருக்குச் சீனி, யாருக்குப் பால் என்று எனக்குத் தெரியும். முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிப் பெருமைப்படுவார். நீ எங்கேயோ வீடியோ பார்த்துப் படித்து, பெயரைத் தட்டினால் என்ன குடிப்பார் என்று சொல்லும் ஒன்றைக் கணினியில் எழுதினாய். டிக்‌ஷனரி என்றாய். அதன் பிறகு என் தலையைக் காட்ட ஆளில்லை. வயிறு எரிய, சிரித்துக்கொண்டே தே ஆற்றினேன்.

ஒரே பெயரை மறுபடி எழுதினால் அது முதல் ஆளை அழித்துவிட்டு அடுத்தவரை உட்காரவைத்துவிடும். நீ அதை யோசிக்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரரான சுங்கை லாலாங் மணியத்துக்கு, சிடாம் கிரி மணியத்தின் சீனி போட்ட தே போனது. அவர் சந்தோஷமாகக் குடித்துவிட்டார். அவர் மனைவிதான் வந்து உன்னை வறுத்தெடுத்தார்.

"ஊரைக் கேக்காம பேரை மட்டும் கேட்டா, எல்லா மணியமும் ஒரே கப்புல விழுவாங்க லா" என்று நான் கேலி செய்தேன்.

நீ சிரிக்கவில்லை. அன்றே மாற்றி எழுதினாய். வெளியே ஊர், ஊருக்குள் பெயர், பெயருக்குள் குடிப்பது. "டிக்‌ஷனரிக்குள்ள டிக்‌ஷனரி அண்ணே. ஊரைத் திறந்தாத்தான் ஆள் கிடைப்பாரு" என்றாய். கேலி என்னுடையது, பாராட்டு உனக்கு. உன் சாவு வீட்டிலும் அதையே பேசினார்கள். அழுதுகொண்டே பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்று கணினியில் சிடாம் கிரியைத் திறந்தேன். நீயும் அந்த ஊர்க்காரன்தானே, உள்ளே நீ. உன்னையும் எழுதிவைத்திருக்கிறாய்: பாலில்லாத கோப்பி ஓ, சீனி குறைவு. லோரிக்காரரை அதே பெயரில் எழுதினால் நீ அழிந்துபோவாய்.

"போனவனுக்கு எதுக்குக் கோப்பி? மேலேயே எழுது லா" என்றார் முதலாளி.

எனக்குக் கை வரவில்லை. நீ எழுதும்போது உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்ததை நினைத்து நினைத்து, உன் பெயருக்குள் இன்னொரு பெட்டி திறந்தேன். அதில் கல்லாக்காரர் ஒருவர், லோரிக்காரர் ஒருவர். வளைந்த அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்ததற்குக் கணினி சிவப்பு எழுத்தில் திட்டியது. மூடினேன். லோரிக்காரர் என்று தட்டியதும் தே தாரிக் வந்தது. கல்லாக்காரர் என்று தட்டினேன். நீ வந்தாய்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "அவன் மூளை இன்னும் வேலை செய்யுது பாரு" என்றார்.

யோசித்தது நான். பாராட்டு மறுபடியும் உனக்கு. ஒரே ஒரு தடவை நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கலாம். அதற்குக்கூட இல்லாமல் போய்விட்டாய்.

லோரிக்காரர் வந்து வாங்கிப் போன பிறகு உன் கோப்பியைக் கலக்கி நானே குடித்தேன். சீனி போதவில்லை.