சொல்லிவிட்டுப் போன நான்கு முறை

மஞ்சக்குட்டை,
சனிக்கிழமை

அன்புள்ள சிவரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடும் அளவுக்குச் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குளிர் அண்டாமல் இருக்கச் சேர்வராயன் துணை. எழுத உட்கார்ந்தால் ஏதாவது விட்டுப்போகிறது, அதனால் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. அம்மாவின் முழங்கால்
2. காளியப்பன் கோழிப்பண்ணையில் பார்த்தது
3. திங்கட்கிழமை கிராமசபை
4. இதில் என் தவறு ஏதுமில்லை என்பது

அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது, படி ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை. பண்ணைகளுக்குள் நடப்பது வெளியே தெரிவதில்லை என்று, மாதம் ஒரு முறை ஊரார் இருவர் உள்ளே போய்க் கோழிகளின் நிலையைப் பார்த்தெழுதிப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும் என முடிவானதைச் சொல்லியிருந்தேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் என்று என்னையும், கூட ராசம்மாளையும் காளியப்பன் பண்ணைக்குப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் முதல் நாளே காளியப்பனுக்குப் போன் செய்துவிடுவேன், சொல்லாமல் ஒருவர் இடத்தில் போய் நிற்பது நமக்குப் பழக்கமில்லையே. ராசம்மாள்தான், ஏனுங்க ரைட்டரே, பொண்ணு பாக்கப் போறாப்புல சொல்லிட்டுப் போனா பலகாரந்தானுங்க கெடைக்கும் என்று சிரிப்பாள். நான்கு மாதமும் குறை இல்லை என்று எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை மழையில் டவர் போய்விட்டது, போன் போகவில்லை, நாள் தவறக்கூடாதே என்று போனோம். தார்ப்பாயை முழுக்க இறக்கிக் கட்டியிருந்தார்கள், எச்ச நெடியில் கண் திறக்க முடியவில்லை, தரையில் போட்ட உமி சேறாகக் கிடந்தது. கால் மடங்கிய கோழிகள் தண்ணீர்க் குழாய்க்கு இரண்டடி தள்ளி, எட்ட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன, செத்தவை மற்றவற்றின் காலடியில். ராசம்மாள் உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி ஒவ்வொன்றாகக் குடிக்க வைத்தாள். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காளியப்பன் வந்து, ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாமுங்களே, நாலு தடவ நல்லா எழுதுனீங்க, இந்தத் தடவ மழைன்னு எழுதிருங்க, வெளிய தெரிஞ்சா வளக்கக் குடுக்குற கம்பெனிக்காரன் இனிக் குஞ்சே எறக்க மாட்டானுங்க என்றார். அம்மாவுக்கு முழங்கால் வீங்கிய அன்று சேலத்துக்கு ஜீப்பில் கொண்டுபோனவர் அவர். தலையாட்டினேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் பார்த்ததை எழுதிவிட்டேன், திங்கட்கிழமை கிராமசபையில் நான்தான் அதை வாசிக்க வேண்டும். கூட்டத்தில் வாய் திறந்து பழகாதவன், இப்போதே களைப்பாக இருக்கிறது. முந்தைய நான்கு முறைக்கு நான் பொறுப்பில்லை, மரியாதைக்காகச் சொல்லிவிட்டுப் போனேன், கண்ணில் பட்டதை எழுதினேன், அவ்வளவுதான்.

மூவரும் மனக்குறையின்றி வாழ எங்கள் ஆசி. படி ஏறாதே என்று அம்மாவிடம் நீ போனில் சொல்ல மறக்காதே, உன் பேச்சைக் கேட்பாள்.

இப்படிக்கு
உன் அப்பா
பெருமாள்

பி.கு. ஞாயிறு காலை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வாசித்துப் பார்த்தேன் கண்ணு. மேலே போட்ட வரிசையில் நான்காவது வரி தவறு. இரண்டாம் மாதமே உமி புதிதாக இருந்தது, தூவிய சுண்ணாம்பு என் செருப்பில் ஒட்டியது. முந்தின நாள் போட்டது என்று தெரிந்தது, கேட்கவில்லை. மூன்றாம் மாதமும் போன் செய்தேன். நாளை அந்த நான்கு தாள்களையும் நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஐந்தாவதை வாசிக்க வேண்டும். இங்கே அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீ பார்க்கட்டும்.