அப்பா ஜெபித்த காட்சி

வாட்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ்
மார்ச் 1970, ஞாயிறு

அன்புத் தம்பி கிளோவிஸுக்கு,

வியட்நாமில் நீ உயிரோடும் கைகாலோடும் இருக்கிறாய் என்று நம்பி அக்கா வெர்டெல் எழுதுவது. உன் சட்டைகளைப் பூச்சி அரிக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அப்பா நடித்த படம் எப்படி என்று கேட்டிருந்தாய். போன கடிதத்தில் மழுப்பிவிட்டேன். இனி முடியாது.

இயக்குநர் ஃபிஸ்க், தோள்வரை முடி வளர்த்த வெள்ளைக்காரப் பையன். போரைக் கிண்டல் செய்யும் படம் என்றான். "இதுவரைக்கும் கறுப்பு ஆளுங்களைத் தட்டு ஏந்தவும் கதவு திறக்கவும்தானே காட்டினாங்க. நான் உங்களை உள்ளபடியே காட்டுவேன்" என்று அப்பாவிடம் சத்தியம் செய்தான். நம் சபை மூப்பரான அப்பா குளிர்ந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சபையில் பாதிப் பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஜெபக் காட்சிக்கு எழுதிக் கொடுத்தது நாலே வரி. ஆனால் நம் ஆட்களுக்குப் பொய்யாக ஜெபிக்கத் தெரியுமா? கேமரா ஓடத் தொடங்கியதும் அப்பா அந்த வரிகளை விட்டுவிட்டார். "ஆண்டவரே, என் மவன் கிளோவிஸை எனக்குத் திருப்பிக் குடுங்க" என்றார். சபையும் வழக்கம்போல, "ஆமா ஆண்டவரே, குடுங்க" என்று பதில் சொன்னது. ஒடெஸ்ஸா அத்தை தரையில் விழுந்து அழுதாள். ஃபிஸ்க் நிறுத்தச் சொல்லவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தியேட்டரில் பார்த்தால், அப்பா உன்னைக் கேட்கும்போதெல்லாம் சபை பதில் சொல்லும் இடத்தில் தளபதித் தொப்பி போட்ட ஒரு பன்றி வந்து உறுமுகிறது. பிறகு அப்பாவின் பல் போன வாய், திரை முழுக்க. நீளமுடிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம் தெருப் பையன்களும்தான். அப்பா முதலில் தானும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டார். படம் முடியும்வரை எடுக்கவில்லை.

வாசலில் ஃபிஸ்க்கின் சட்டையைப் பிடித்தேன். "ஜனங்க போரைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க, உங்கப்பாவைப் பாத்து இல்ல. நான் உங்க பக்கம்" என்றான். அதை அவன் நம்பியே சொல்கிறான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காட்சியை வெட்டச் சொன்னேன். படத்திலேயே பெரிய சிரிப்பு அங்கேதானாம், முடியாதாம். பத்திரிகைகளும் துணிச்சலான படம் என்று கொண்டாடுகின்றன.

அப்பா இப்போது சபைக்குப் போவதில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் ஜெபம் கிடையாது. பாஸ்டர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். "என் மவன் பேரைச் சொன்னா அந்தச் சிரிப்புதான் கேக்குது, பாஸ்டர்" என்று அப்பா கதவைச் சாத்திவிட்டார். நானும் முழங்காலிட்டுப் பார்த்தேன். எனக்கும் அந்தப் பன்றிதான் வருகிறது.

முகாமுக்கும் படங்கள் வருமாமே. இது வந்தால் நீ போகாதே, தம்பி. வழக்கமாக ஆண்டவர் காப்பார் என்று எழுதித்தான் முடிப்பேன்; இந்த முறை கை வரவில்லை. இந்த வீட்டில் உனக்காக இப்போது யாரும் கேட்பதில்லை. உன்னை நீயே பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வெர்டெல்