உள்பக்கம் இழைத்த பெட்டி

மச்சான்,

தஞ்சோங் காராங்கில் மகள் வீட்டு அறைக்கதவு மழையில் ஊதி, சாத்த மாட்டேன் என்று அடம்பிடித்தது. உன் இழைப்புளியை எடுத்து நாலு தள்ளு தள்ளினேன். மெராந்தி மரச் சுருள் காலடியில் விழுந்ததும் நம் பழைய பட்டறை வாசனை வந்துவிட்டது. கதவைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் அப்போது நாம் இருவர்தான் தச்சர்கள். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம், நாம் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக் கூடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன முனியனின் வாளியில் அரிசி இருந்ததென்று போலீஸ்காரர்கள் சுட்டுவிட்டார்கள். காட்டுக்காரர்களுக்கா, தன் பசிக்கா, யார் கண்டது?

அவனுக்குச் சவப்பெட்டி செய்யச் சொல்ல வந்த தோட்டத்துக் கணக்கர், நம் கிராணி, "சும்மா அடிச்சு மூடுங்க லா. மண்ணுக்குள்ள போறதுக்கு இழைப்பு என்னாத்துக்கு?" என்றார். நீ தலையாட்டினாய். அவர் போனதும் இழைப்புளியை எடுத்தாய், அதுவும் உள்பக்கத்துக்கு.

"கிறுக்காடா உனக்கு?" என்று சிரித்தேன்.

"முதுகு படுற பக்கம்டா. சிலாம்பு குத்தும்" என்றாய்.

மறுநாள் பட்டறைக்கு வந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி பெட்டியின் மூடியைத் தடவிப் பார்த்தார். "யார் வேலைன்னு துரை கேக்குறாரு" என்றார் கூட வந்த கிராணி. பாராட்டுகிறார் என்று நினைத்தேன், பாவி. தச்சன் புத்தி.

"இவன் கைவேலைதாங்கய்யா. உள்ளயும் இழைச்சிருக்கான், பாருங்க" என்று மூடியை நானே தூக்கிக் காட்டினேன். நீ என் காலை மிதித்தாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சுடப்பட்டவனுக்கு இத்தனை மரியாதை செய்கிறவன் காட்டுக்காரர்களின் ஆளாகத்தான் இருப்பான் என்று முடிவுகட்டினார்கள். அன்று பிற்பகலே உன்னை லோரியில் ஏற்றினார்கள். என்னைத் திட்டுவாய் என்று காத்து நின்றேன். "இழைப்புளிய ஈரத்துல வைக்காத" என்றாய். அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்துத் தடுப்பு முகாமிலிருந்து நீ பெட்டியில் வந்தாய். காய்ச்சல் என்றார்கள். இழைக்காத பலகை, சுற்றிலும் ஆணி, திறக்கக் கூடாதென்று உத்தரவு. உன் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழ, நான் ஆணித் தலைகளை உள்ளே இறக்கிவிட்டு வெளிப்பக்கம் முழுவதும் இழைத்தேன். யாரும் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து எவன் வேலையையும் நான் வாய்விட்டு மெச்சியதில்லை. கர்வம் பிடித்தவன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கதவை மாட்டிவிட்டேன், இப்போது நன்றாகச் சாத்துகிறது. இழைப்புளியைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டேன். நீ சொன்னதில் அதைத்தான் என்னால் செய்ய முடிந்தது. உன் முதுகு பட்ட பக்கம் என் கைக்கு எட்டவில்லை, மச்சான்.